சி வரிசைத் தூண்

ஜூன் 9, திங்கள்

காலையில் லிஃப்ட் சர்வீஸ்காரர் வந்தார். வாட்ச்மேன் மேசையில் லைசென்ஸ் அட்டையை வைத்தார், வந்த நேரத்தை எழுதினார், பிறகுதான் கிரீஸ் டப்பாவைத் திறந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்துநான்கு வீடுகளுக்கு ஒரே லிஃப்ட். அதைத் தொடுகிற ஆளிடம் அட்டை இருக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆபீசுக்குக் கிளம்பும்போது ஹசீனா டீச்சர் படியில் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு நேர் கீழ்வீடு, சி-2. அவர் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கும் அறையின் கதவு சாத்த வரவில்லையாம். அந்தப் பெரியம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போதுகூடத் திறந்துதான் கிடக்கிறதாம். ஜூன் மாதத்துக் காற்றும் சாரலும் சேர்ந்தால் மரம் உப்பத்தான் செய்யும், ஆசாரியை வைத்து ஓரத்தை இழைத்துவிடுங்கள் என்றேன்.

எங்கள் சமையலறைக் கதவும் நான்கு நாட்களாக உரசுகிறது. அதை டீச்சரிடம் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். ரவை உப்புமா. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு சமையலறைக் கதவுக்கு நூல் பிடித்துப் பார்த்தார். "மரம் உப்பல வசந்தா. நிலை சாஞ்சிருக்குது" என்றார். லேத் பட்டறை வைத்திருப்பவர். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதுதான் அவரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள தொல்லை.

ஜூன் 12, வியாழன்

டீச்சர் வீட்டில் இரண்டு டைல்ஸ் எழும்பி நிற்கின்றன. ஹால் மூலையில் தூணை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் மேல்நோக்கிப் போகிறது. மேலே என்றால் எங்கள் வீடு.

சி வரிசையில் நான்கு வீடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. நான்கிலும் ஹாலின் அதே மூலையில் அதே தூண். எங்கள் வீட்டில் அது சுவரிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் பீரோ வைக்க முடியாது. பதின்மூன்று வருடமாக அதைத் திட்டிக்கொண்டே அதில் காலண்டர் மாட்டிவருகிறேன்.

மாலையில் கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் சி-1க்குப் போனேன். பாலமுரளி நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டை அடியோடு புதுப்பித்தார். வேலையை எடுத்துச் செய்தவன் என் தம்பி குழந்தைவேல். பாலமுரளியின் மனைவி காபி போட உள்ளே போனதும் ஹால் மூலையைப் பார்த்தேன். தூண் துருத்தவில்லை. பூஜை அறை வாசலை ஒட்டி, சுவரோடு சுவராக, கறுப்பு கிரானைட் பதித்து வழவழவென்று இருக்கிறது. மே மாதம் பால் காய்ச்சிய அன்று நானே அதைத் தடவிப் பார்த்துப் பாராட்டினேன். பாயசம் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

அந்த ஒரு சாண் தூண் எங்கே போனது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூன்றாவது முறை அடித்தபோதுதான் தம்பி வேலு போனை எடுத்தான்.

பாலமுரளி கூட்டிவந்த வாஸ்துக்காரர், தூணின் கூர்மூலை சாமி அறை வாசலைப் பார்த்துக் குத்துகிறது, அது இருக்கும்வரை வீட்டில் சம்பாதிப்பவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். மரப்பலகை அடித்து மறைத்துவிடலாம் என்று வேலு சொன்னானாம். மறைத்தால் போதாது, மூலையே இருக்கக் கூடாது என்றார்களாம். பிரேக்கர் மெஷினை வைத்து இரண்டு நாளில் சீவிவிட்டானாம்.

"பூச்சு மட்டுந்தானடா சீவுனே?"

"பூச்சுந்தான்க்கா. உள்ள கொஞ்சம் கான்கிரீட்டும் வந்துருச்சு. ஒண்ணும் ஆகாது, பில்டருங்க கம்பியெல்லாம் அளவுக்கு மேலதான் போட்டுவெச்சிருப்பாங்க."

கம்பியைத் தொட்டாயா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான். எனக்கு நன்றாகவே கேட்டது.

வேலு கெட்டவன் இல்லை. பெயிண்ட் கடையில் டப்பா குலுக்கினான், டைல்ஸ் ஒட்டுபவர்களோடு சுற்றினான், ஒரு நாள் 'ஹோம் சொல்யூஷன்ஸ்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து அவன் கான்ட்ராக்டர். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது அந்தக் கார்டும் ஒரு செல்போனும்தான். இந்தக் குடியிருப்பில் பதினொரு வீடுகளுக்கு அவன் நம்பரைக் கொடுத்தது நான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. செயலாளரம்மாவின் தம்பி, தெரிந்த ஆள். நம் பக்கம் தெரிந்த ஆளிடம் காகிதம் கேட்பது அவமரியாதை. கம்பி வேலை படித்திருக்கிறாயா என்று கேட்டால் அப்புறம் கல்யாணப் பத்திரிகைகூட வராது.

இத்தனைக்கும் நான் பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பதிவு செய்யாத ஆள் ஒரு ரப்பர் வாஷர்கூட உள்ளே கொண்டுவர முடியாது. நான்கு பக்க ஃபாரம், பட்டறையை நேரில் பார்த்த அறிக்கை, மாதிரிப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறப்பேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை 'செக்போஸ்ட்' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஜூன் 15, ஞாயிறு

சங்க நிர்வாகக் குழு தலைவர் வீட்டில் கூடியது. தலைவர் நடேசன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் சத்தமில்லாமல் முடிப்பவர். விரிசலைச் சுண்ணாம்புப் பூச்சால் அடைத்துவிட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். வாட்ஸப் குழுவில் யாரும் போடக் கூடாது, வெளியே தெரிந்தால் நாளைக்கு வீட்டை விற்க முடியாது என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நாளைக்கு வீடு இருந்தால்தானே விற்பதற்கு என்று கேட்டேன். கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வேலையைச் செய்தவன் என் தம்பி என்பதையும் நானே சொன்னேன், யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னால்.

மராமத்து வேலைகளுக்குச் சங்கம் கொடுத்த ஏப்ரல் மாத அனுமதிக் கோப்பை நடேசன் கேட்டார். அலமாரிச் சாவி ஆபீசில் இருக்கிறது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டேன். பொறியாளர் அருள்தாஸ் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். குள்ளமான மனிதர், சட்டைப் பையில் சாக்பீஸ். முதலில் டீச்சர் வீடு, அடுத்து எங்கள் வீடு, கடைசியில் சி-1.

கிரானைட்டைக் கழற்றப் பாலமுரளி சம்மதிக்கவில்லை. பூஜை அறைக்குப் பக்கத்தில் உளி படக் கூடாது என்றார். அருள்தாஸ் அவரிடம் வாதாடவில்லை. மேலே படுத்திருக்கும் பெரியம்மாவுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். எண்பத்தொன்று என்று ஹசீனா டீச்சர் சொன்னார். பாலமுரளி தானே போய் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தார்.

இரண்டு கற்களைப் பெயர்த்ததும் தெரிந்துவிட்டது. மூலைக் கம்பியை அறுத்து எடுத்திருக்கிறார்கள். பாரத்தில் பிதுங்காமல் இருக்கத் தூணைச் சுற்றிக் கட்டியிருக்கும் வளையக் கம்பிகளில் ஏழு கம்பிகளை வெட்டி, முனைகளை உள்ளே மடக்கி, மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அருள்தாஸ் வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனைக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டார். பாலமுரளி குனிந்து வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மில்லில் ஒரு நூல் அறுந்தால் கண்டுபிடிக்கிற மனிதர்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முட்டுக் கொடுக்கணும் மேடம். சி வரிசையில யாரும் தங்கக் கூடாது. ஆறு மாசமெல்லாம் பேசாதீங்க, நான் ஆறு நாளுக்கே பொறுப்பேத்துக்க மாட்டேன்" என்றார்.

இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்றும் கேட்டார். சங்கத்தில் விசாரித்துச் சொல்கிறோம் என்றேன்.

ஜூன் 18, புதன்

நேற்று சாயங்காலத்துக்குள் கார் நிறுத்துமிடத்திலும் சி-1, சி-2 ஹால்களிலுமாக இருபத்தாறு இரும்பு முட்டுகள். எங்கள் ஹாலில் நான்கு. சி-4 வீட்டுக்காரர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், பூட்டு அப்படியே கிடக்கட்டும்.

பெரியம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கினார்கள். லிஃப்ட் பக்கம் போக வேண்டாம் என்று அருள்தாஸ் சொல்லியிருந்தார். இறக்கும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "மழையா பெய்யுது, எல்லாரையும் எங்க கூட்டிட்டுப் போறீங்க" என்று கேட்டார். குனியமுத்தூரில் டீச்சரின் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் பட்டறை மாடி அறைக்கு வந்துவிட்டோம். ஒரு மின்சார அடுப்பு, இரண்டு பாய். கீழே லேத் ஓடினால் டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. வீட்டுக்காரர் இதைத்தான் இருபது வருடமாகச் சங்கீதம் என்று சொல்லிவந்திருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். புதுப்பிக்கும் வேலை செய்கிற கான்ட்ராக்டர்களின் பட்டியல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். புதுக் கட்டடம் என்றால் எங்களிடம் வாருங்கள், வீட்டுக்குள்ளே செய்துகொள்கிற மராமத்துக்கு எங்களிடம் யாரும் வந்ததில்லை என்றார் அந்த ஊழியர். அவர் வீட்டில் பாத்ரூம் எடுத்துக் கட்டியபோது யாரை வைத்தீர்கள் என்று கேட்டேன். மச்சானுக்குத் தெரிந்த ஆள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, ஊருக்குச் சட்டம் வரும்போது வரட்டும். எங்கள் கேட்டுக்கு நான் சட்டம் போடுகிறேன்.

கம்பெனி ஃபாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினேன். சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத கான்ட்ராக்டர் கருவியோடு கேட்டைத் தாண்டக் கூடாது. பதிவு செய்ய வேண்டுமானால் முன்பு செய்த மூன்று வேலைகளை நிர்வாகக் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தூண், உத்தரம், தளம் இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் பொறியாளர் கையெழுத்து வேண்டும். என்ன வேலை என்று வரைபடத்தோடு எழுதித் தர வேண்டும். தவறு செய்தவர் பெயர் தடைப்பட்டியலில் ஏறும், இரண்டு வருடம் இந்தக் கேட்டுக்குள் வேலை எடுக்க முடியாது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், பார்க்காமல் போட்டால் அவருக்கும் அதே தடை.

வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். கடைசி விதியைக் காட்டி இது யாருக்கு என்று கேட்டார். வரப்போகிற செயலாளர்களுக்கு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

துணி துவைத்தேன். காயப்போட இடமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வேலு பட்டறைக்கு வந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. ஆர்.எஸ்.புரத்தில் கையிலிருந்த ஒரு வேலையை அந்த வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்களாம், சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. நிர்வாகக் குழு அவனிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. அந்தக் கடிதமும் என் கையெழுத்தில்தான் போனது.

சாப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றான். தக்காளிச் சாதம் தட்டில் ஆறிப்போயிற்று. தூணுக்குள் வளையம் எதற்குப் போடுகிறார்கள் என்றே தனக்கு இத்தனை நாள் தெரியாது என்றான். கம்பி நேராக நிற்பதற்காகக் கட்டிவைக்கிறார்கள், கான்கிரீட் இறுகிவிட்டால் அதற்கு வேலை இல்லை என்று நினைத்தானாம். இந்த ஊரில் எத்தனை கான்ட்ராக்டர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

போகும்போது வாசலில் நின்று ஏப்ரல் மாதத்தைப் பற்றி என்னவோ சொன்னான். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பொதுக்குழு. கார் நிறுத்துமிடத்தில் முட்டுகளுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டோம். இருபத்தொரு வீட்டார் வந்திருந்தார்கள். இவ்வளவு பேர் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பு இருக்கத்தான் செய்தது. இத்தனை ஃபாரம் கேட்டால் எந்த ஆள் இங்கே வேலைக்கு வருவான் என்று ஏ-4 வீட்டுக்காரர் கேட்டார். என் வீட்டுக்குள்ளே ஆணி அடிக்கச் சங்கத்தைக் கேட்க வேண்டுமா என்று இன்னொருவர். நான் எழுந்தேன்.

"ஆணி அடிச்சுக்குங்க. தூணு உங்க வீட்டுக்குள்ள இருக்குது, ஆனா அது உங்க தூணு இல்லீங்க. உங்களுக்கு மேல படுத்துத் தூங்கறவங்க தூணு. லிஃப்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் உடற ஆளுகிட்ட அட்டை கேக்கறோம். பிரேக்கர் மெஷினத் தூக்கிட்டு வர்றவன்கிட்ட நீ யாருன்னுகூடக் கேக்கறதில்ல."

தூணில் வெட்டுப்பட்டுக் கிடந்த கம்பித் துண்டுகளை அருள்தாஸ் காட்டினார். ஹசீனா டீச்சர் பெரியம்மாவின் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாக்கெடுப்பில் பதினேழு பேர் ஆதரவு. விதிகள் நிறைவேறின. பாலமுரளிதான் முதலில் கை தூக்கினார்.

முடிவில் நடேசன் எழுந்து, "சொந்தத் தம்பின்னும் பாக்காம நம்ம அம்மிணி செஞ்சிருக்கறாங்க. அதுக்கு ஒரு மனசு வேணுமுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

நான் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கேட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஆபீசில் ஒரு ஃபாரத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. பித்தளை வால்வு கொடுக்கும் ஆளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஜூலை 3, வியாழன்

வேலுவின் விளக்கக் கடிதம் வந்தது. கோணல் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம். பாலமுரளி கேட்டுக்கொண்டதால் தூணைச் சீவியது, மூலைக் கம்பியை அறுத்தது, வளையங்களை வெட்டியது, மேலே பூசி மறைத்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறான். இதற்கு யாரிடம் அனுமதி பெறப்பட்டது என்பது நான் கேட்டிருந்த ஆறாவது கேள்வி. அதற்கு எதிரே, 'யாரிடமும் கேட்கவில்லை. நானாகச் செய்தது' என்று எழுதியிருக்கிறான்.

நான்கு முறை படித்தேன். வீட்டுக்காரரிடம் காட்டவில்லை.

ஜூலை 4, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. கம்பெனியில் ஆடிட். பதினோரு மணி வாக்கில் வேலு போன் செய்தான். சி-1ல் தூண் ஓரத்தைக் கொஞ்சம் சீவச் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது, வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறாயா அக்கா என்று கேட்டான். அவன் பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னான். அந்த வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடிட்டர் முன்னால் நின்றுகொண்டு, வீட்டுச் சொந்தக்காரர் சொன்னால் செய்துகொடு, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாலையில் வாட்ச்மேன் நீட்டிய அனுமதிக் கடிதத்தில் லிஃப்டுக்குள் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். 'பூஜை அறைச் சீரமைப்பு மற்றும் தூண் ஓரம் சரிசெய்தல்' என்று அதில் இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். சி-1 இருக்கும் முதல் மாடியில் லிஃப்ட் நின்றது. இறங்கி நாலு எட்டு வைத்தால் பார்த்திருக்கலாம். குக்கர் வைக்க நேரமாகிவிட்டது என்று மேலே போய்விட்டேன்.

ஜூன் 9ஆம் தேதி டீச்சர் கதவைப் பற்றிச் சொன்ன உடனேயே எனக்குத் தூண் ஞாபகம் வந்தது. அலமாரிச் சாவி ஒரு நாளும் ஆபீசில் இருந்ததில்லை. என் கைப்பையில்தான் இருக்கிறது.

என் தம்பி எனக்காகப் பொய் எழுதியிருக்கிறான். நான் அவனை வைத்துக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதல் நாளே தெரியும் என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன், கொஞ்சம் லேட் என்றார். காலையில் பொங்கல் செய்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

நிர்வாகக் குழுவுக்கு ஹசீனா டீச்சரையும் பாலமுரளியையும் வரச் சொல்லியிருந்தேன். வேலுவின் கடிதத்தை நடேசன் வாசித்தார். தம்பியே ஏற்றுக்கொண்டுவிட்டான், தடைப்பட்டியலில் பெயரை எழுதி முடித்துவிடலாம் என்றார்.

ஆறாவது பதில் பொய் என்றேன். கோப்பை எடுத்து ஏப்ரல் கடிதத்தை மேசையில் வைத்தேன். என் கையெழுத்து இருக்கும் பக்கத்தை டீச்சரின் பக்கம் திருப்பி வைத்தேன். போன் பேச்சையும் அப்படியே சொன்னேன், பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னது உட்பட.

நடேசன்தான் முதலில் பேசினார். அது கிடக்கட்டும், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது இதை எதற்குக் கிளற வேண்டும், கோப்பில் அந்தக் கடிதம் இல்லாவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

டீச்சர் கடிதத்தைப் படித்து முடித்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும் வசந்தாக்கா?"

"நீங்க படியில வந்து சொன்ன அன்னிக்கே."

"அதுக்கப்பறம் எட்டு நாள் எங்க மாமி அந்த ரூம்லதான் படுத்திருந்தாங்க."

"ஆமா டீச்சர்."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலமுரளி தலையைக் குனிந்தபடியே, வாஸ்துக்காரர் பெயரையும் எங்கேயாவது எழுத முடியுமா என்று கேட்டார். அதற்கு இன்னும் விதி போடவில்லை.

பதிவேட்டின் தடைப்பக்கத்தைத் திறந்தேன். ஒன்று, குழந்தைவேல், கான்ட்ராக்டர், தூண் வெட்டியது. இரண்டு, வசந்தாமணி, செயலாளர், பார்க்காமல் அனுமதித்தது. இரண்டுக்கும் எதிரே இரண்டு வருடம். பேனாவை மூடி, செயலாளர் பொறுப்பையும் அலமாரிச் சாவியையும் பாலமுரளியிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஒரு தடவை வெட்டச் சொன்னவர் இனிமேல் எல்லாத் தூணையும் பார்ப்பார் என்று டீச்சர்தான் சொன்னார். வாங்கிக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

தூணைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுகிறார்கள். இனி சி-1ல் அது ஒரு சாண் இல்லை, ஒன்றரைச் சாண் துருத்தும். பூஜை அறையைப் பால்கனிப் பக்கம் மாற்றிக்கொள்கிறார்களாம்.

ஆபீசில் என் மேலாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். யார் யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மேல். அவர் மறுபடியும் வால்வு ஃபைலை என்னிடமே அனுப்பினார்.

ஜூலை 12, சனி

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். முதல் மாடியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேலு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணருகே குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அருள்தாஸிடம் போய் வேலை கேட்டிருக்கிறான். கான்ட்ராக்டராக இல்லை, கூலியாளாக. அருள்தாஸ் பாலமுரளியிடம் எழுதிக் கேட்டிருக்கிறார், பாலமுரளி டீச்சரைக் கேட்டிருக்கிறார், பொறியாளர் பக்கத்தில் நின்று பார்ப்பதானால் சரி என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

"உம்பேர ஏங்க்கா எழுதுனே? நாந்தான் சொல்லலீல்ல."

"நீ கேட்டே. நான் வரல. அதான் நடந்துச்சு."

"உன்னைய அசிங்கப்படுத்தோணும்னா நான் அப்பவே எழுதியிருப்பேன்."

"தெரியும்டா."

அவன் கட்டுக்கம்பியை முறுக்கினான். விரல் நுனியெல்லாம் கிழிந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து ஃபாரம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று என்னைப் பார்க்காமலே கேட்டான். செய்த வேலை மூன்றைக் காட்ட வேண்டும், கம்பி வேலை படித்ததற்குச் சான்றிதழ் வைத்தால் நல்லது, இந்தத் தூணையும் எழுத வேண்டியிருக்கும் என்றேன். தலையாட்டினான்.

அருள்தாஸ் வந்தார். குனிந்து கீழேயிருந்து ஒவ்வொரு வளையமாக இடைவெளியை டேப்பால் அளந்துகொண்டே வந்தார். ஒன்பதாவது வளையம் ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது. அதற்கு மேல் ஐந்தைக் கட்டி முடித்திருந்தான். ஆறையும் அவிழ்க்கச் சொன்னார்.

ஒரு விரல்கடைதானே சார் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேலு கம்பி முறுக்கும் கொக்கியை எடுத்து மேலேயிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நான் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் ஆறையும் திரும்பக் கட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தேன்.